முப்பத்தொரு பேர் திறக்காத குழாய்

அத்தியாயம் 4

வீடு விற்கிறவர்களுக்கு என்று ஒரு சிரிப்பு உண்டு. வாசல் மணி அடித்ததும் தானாக வந்து முகத்தில் உட்கார்ந்துகொள்ளும். கணக்கு டீச்சர் அந்தச் சிரிப்போடுதான் கதவைத் திறந்தார். வந்தது வீடு பார்க்கிறவர்கள் இல்லை, நாங்கள் என்று தெரிந்ததும் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

"துப்பறியறவங்க நீங்கதானா?"

"இவங்க துப்பறியறவங்க. நான் கூட வர்றவன்," என்றேன். "பை தூக்கறது, கதவு தட்டறது, அவசியம்னா அடி வாங்கறது எல்லாம் என் பொறுப்பு."

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்துக் கூர்மையான பார்வை அது. இப்போது ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நாலு வருடமாக நான் உதவியாளன். இந்த நாலு வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் ஜோக்குகள் மேல் எனக்குச் சந்தேகம் வருவதே அதனால்தான்.

கூடத்து மேஜையில் இரண்டு விசிட்டிங் கார்டுகள் இருந்தன. இரண்டிலும் சிவப்பு மையில் மார்க் போட்டிருந்தது. ஒன்றுக்குப் பத்துக்கு ஒன்பது, இன்னொன்றுக்குப் பத்துக்கு இரண்டு. பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் டீச்சரின் கை சும்மா இருக்கவில்லை.

"ஒன்பது மார்க் வாங்கினவர்தான் இப்ப எங்க புரோக்கர்," என்றார். "வெயில் அடிச்சாலும் கோட்டு போட்டுட்டுதான் வருவார். அஞ்சு மாசத்துல முப்பத்தொரு பேருக்கு வீட்டைக் காட்டியிருக்கார். வீடுதான் போகல. இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணியோட ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ள வேண்டாம்னு கைப்பட எழுதிக் குடுக்கலைன்னா, தானா இன்னும் ஆறு மாசம் நீளும். அதுவரைக்கும் வேற யாரும் விக்க முடியாது. நானே கூட விக்க முடியாது."

"ரெண்டு மார்க் வாங்கினவர்?"

"அவரும் புரோக்கர்தான். போன மாசம் அவரா தேடி வந்தார். வணக்கம்கூடச் சொல்லல. நேரா சமையலறைக்குப் போனார், சுவரைத் தட்டினார், ஈரம்னார், இந்த விலைக்குப் போகாதுன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார்."

"அந்த ரெண்டு மார்க் எதுக்கு?" என்று கேட்டேன்.

"கார்டு கசங்காம இருந்துது."

"ஒன்பதையே வெச்சுக்கலாமே. எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார் மேடம்.

டீச்சர் மாடிப்படியைப் பார்த்தார். "மேல இருக்கற எங்க வீட்டுக்காரருக்காகத்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சுது. படுக்கையும் குளியலறையும் மேலதான் இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு நாலு பேர் தூக்கிட்டுப் போய் மேல விட்டாங்க, இனிமே படி ஏறி இறங்கவே கூடாதுன்னுட்டார் டாக்டர். சமதரைல நடப்பார். படி இல்லாத வீடா பாத்துப் போகணும். அதுக்கு இதை வித்தாகணும். அஞ்சு மாசமா அவர் கால் மண்ணுல படல. பேச்சையும் குறைச்சுட்டார். இன்னும் ஆறு மாசம்னா எனக்குப் பயமா இருக்கு. சரியான ஆளாத்தான் பிடிச்சிருக்கேனான்னு நீங்க பாத்துச் சொல்லணும்."

அப்போது மணி மூன்று பத்து. கையில் இருந்தது மூன்று மணி நேரம்கூட இல்லை. இதற்குள் ஒரு புரோக்கர் நல்லவரா என்று கண்டுபிடிக்க வேண்டும். கொலை கேஸ் என்றால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மேஜையில் 'வருகைப் பதிவேடு' என்று ஒட்டிய நோட்டு ஒன்று இருந்தது. வந்தவர்கள் பெயரோ போன் நம்பரோ எழுதவில்லை, ரகசியம் காக்க வேண்டும் என்று கோட்டுக்காரர் சொல்லியிருந்தாராம். கருத்து மட்டும் எழுதியிருந்தார்கள். 'அருமையான வீடு.' 'ஜன்னல்கள் அழகு.' 'விலை நியாயமே.'

மேடத்தின் விரல் மூன்றாவது வரியில் நின்றது. "வாங்க வந்தவன் விலை நியாயம்னு எழுத்துல குடுப்பானா?"

"நல்ல மனுஷங்களா இருக்கலாம்," என்றார் டீச்சர்.

"முப்பத்தொரு பேருமா? இவங்களை நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல. வீட்டுக்காரங்க எதிர்ல நின்னா பாக்க வர்றவங்க வாயே திறக்க மாட்டாங்கன்னு, ஞாயித்துக்கிழமை பத்து மணியானா என்னை வெளிய அனுப்பிடுவார். சும்மா சுத்தாதீங்க, நாலு வீட்டைப் பாருங்க, விலை நிலவரம் புரியும்னு முகவரி எழுதிக் குடுப்பார். பாத்துட்டு வருவேன். ஒரு வீட்டுல ஒரு படிகூட இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்சுது. கேட்டா, அது வித்துப்போச்சுன்னுட்டார்."

"அப்ப வந்தவங்களை இந்த வீட்டுல யாருமே பாத்ததில்ல."

"பாத்ததில்ல," என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "கேட்டிருக்கேன்."

பதினாலு படி ஏறினோம். ஜன்னலோரம் நாற்காலியில் டீச்சரின் கணவர் இருந்தார். பஸ் ஓட்டியவர் என்று சொல்லாமலே தெரிந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கீழே தெருவில் போகிற வண்டிகளுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்.

"எஞ்சின் சத்தத்தை வெச்சே வண்டிக்கு என்ன நோய்னு சொன்னவன் நான்," என்றார். "இதோ கட்டில் பக்கத்துச் சுவர், இதுக்குள்ளதான் தொட்டித் தண்ணி குழாய் போகுது. கீழ சமையலறைல குழாயைத் திறந்தா இங்க டொக் டொக்னு அடிக்கும். முப்பத்தொரு பேர் வந்தாங்க. ஒரு தடவைகூட அடிக்கல."

"ஒரு தடவைகூடவா?"

"அஞ்சு மாசத்துல வெளியாள் வந்து அடிச்சது ஒரே நாள். அந்த ரெண்டு மார்க் வந்தாரே, அன்னிக்கு."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதை டீச்சர்கிட்ட சொல்லலையா நீங்க?"

"சொன்னேன். சத்தம் வரலைன்னா நல்லதுதானேன்னா."

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"வேற என்ன கேட்டீங்க?"

"நான் தூங்கறேன், மேல வராதீங்கன்னு கோட்டு சொல்லி வெச்சிருப்பார் போல. கீழயே பேசிக்குவாங்க. 'எத்தனை மாசமா விக்கறாங்களோ, பாவம்'பாங்க. வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொன்னாங்க."

"வாங்கறவன் விக்கறவனைப் பாத்துப் பாவம்னு சொல்லி நான் கேட்டதே இல்ல," என்றார் மேடம்.

"பழைய சைக்கிள் வாங்கும்போதுகூட நான் சொல்லல," என்றேன். "வித்தவர் அழுதும் சொல்லல."

"ஒருத்தர் மட்டும் படி ஏறினார்," என்று அவர் தொடர்ந்தார். "இந்தக் கதவுவரைக்கும் ஏறி, இறங்கி, மறுபடி எண்ணிக்கிட்டே ஏறினார். பதினாலுன்னு சந்தோஷமா சொன்னார். இந்தப் படியால சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான். போகும்போது குடையை மறந்துட்டார். மூணு வாரம் ஆச்சு."

குடை கீழே வாசல் மூலையில் சாய்ந்திருந்தது. அந்த ஆள் வெளிநாடு போய்விட்டார், குடையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கோட்டுக்காரர் சொன்னாராம். சாதாரணக் கறுப்புக் குடைதான். கைப்பிடி மட்டும் ஒரு தடவை உடைந்து, ரோஸ் நிறத்தில் எதையோ வைத்து ஒட்டியிருந்தது.

"பபிள்கம்," என்றேன்.

"பபிள்கம் இப்படி வழவழன்னு பாலிஷ் ஆகுமா?" என்றார் மேடம்.

எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கைக்குட்டை வாய்க்குப் போனது. மறுபடி திரும்பியபோது கைக்குட்டையில் இரண்டு முன்பற்கள், ரோஸ் நிறத் தகட்டில் பதிந்து உட்கார்ந்திருந்தன. குடையின் கைப்பிடியில் இருந்த அதே ரோஸ். நாலு வருடமாக அவர் கூட இருக்கிறேன், அந்தப் பற்கள் கட்டியவை என்று எனக்குத் தெரியவே தெரியாது. நான் துப்பறிகிற லட்சணம் இது.

பல்லை மாட்டிக்கொண்டு மேடம் சொன்னார்: "பல் செட்டுக்கு ஈறு செய்யற சாமான். இதை வெச்சுக் குடையை ஒட்டறவன் யாரு? அதைக் கையிலயே வெச்சிருக்கறவன். கிளம்பு."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பல் செட் கட்டுகிறவர்கள் ஊரில் மூன்று பேர்தான் என்று போன் புத்தகம் சொன்னது. முதல் ஆளின் கடை வாசலில் ஒரு குடை தொங்கியது. மேடம் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. இரண்டாவது ஆள் குடை பிடித்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆளின் வாசலில் நாங்கள் நின்றபோது, எதிர்க் கடையிலிருந்து ஒருவர் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார்.

"குடையோட சொந்தக்காரர்," என்றார் மேடம். "குடை இருக்கறவன் கேரி பேக் போட மாட்டான்."

அவர் எங்கள் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார். "அப்பாடா, கொண்டு வந்துட்டீங்களா? மூணு வாரமா நனையறேன். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக ஒரு சாக்கு வேணும்னு வேணும்னேதான் விட்டுட்டு வந்தேன். அதுக்குள்ள அந்தம்மா மனசு மாறிட்டாங்க, இப்ப விக்கலைன்னு புரோக்கர் சொல்லிட்டார். விக்காத வீட்டுல போய்க் குடையைக் கேக்கக் கூச்சமா இருந்துது."

"எந்த புரோக்கர்?"

"கோட்டு போட்டவர்."

உள்ளே கூட்டிப் போனார். எல்லா அறையும் ஒரே தரையில் இருந்தன. வாசலில் ஒரு படிகூட இல்லை. அலமாரி முழுக்க பிளாஸ்டர் தாடைகள் வரிசையாகச் சிரித்தன. இத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"படிமேல உங்களுக்கு என்ன அவ்வளவு ஆசை?" என்று கேட்டேன்.

"தொழில் கீழ, குடும்பம் மேலன்னு இருக்கணும் சார். இங்க எல்லாம் ஒரே மட்டம். பல்லு கட்ட வர்றவங்க பேசிக்கிட்டே படுக்கையறைவரைக்கும் வந்துடறாங்க. போன வாரம் ஒரு பெரியவர் என் கட்டில்ல உக்காந்து வாயைத் திறந்து வெச்சிருந்தார். என் சம்சாரம் அம்மா வீட்டுக்குப் போயிட்டா. படி உள்ள வீட்டுக்குப் போனாத்தான் வருவேங்கறா. இதை விக்க அஞ்சு மாசமா பாக்கறேன். இருபத்தெட்டு பேர் வந்து பாத்துட்டாங்க, ஒருத்தரும் திரும்பி வரல."

மேடம் மெதுவாகக் கேட்டார். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நீங்க வீட்டுல இருப்பீங்களா?"

"இல்லையே. விலை நிலவரம் பாக்கச் சொல்லி வேற வீட்டுக்கு அனுப்பிடுவார்."

மேஜையில் அதே மாதிரி ஒரு நோட்டு. அதே 'வருகைப் பதிவேடு'. நான்தான் புரட்டினேன். அருமையான வீடு. காற்றோட்டம் பிரமாதம். விலை நியாயமே. நாலாவது பக்கத்தில் சிவப்பு மையைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

'1. படிகள் இல்லை, மிக நன்று. 2. வெளிச்சம் நன்று. 3. சமையலறை அலமாரி ஓர் அடி கீழே இருக்கலாம். 10க்கு 8.' அடியில் இரண்டு கோடு வேறு இழுத்திருந்தது.

மேடம் அதைப் படித்தார். பல் கட்டிக்கொள்ள வருகிறவர்களின் சாய்வு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நாலு வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். கட்டிய பல் விழுந்துவிடுமோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

"அந்த ஆள்கிட்ட வாங்கறவங்க ஒருத்தர்கூட இல்ல," என்றார் சிரிப்பு அடங்கியதும். "விக்கறவங்க மட்டும்தான் இருக்காங்க. உங்களை அவங்க வீட்டுக்கு அனுப்பறார், அவங்களை இன்னொருத்தர் வீட்டுக்கு, இன்னொருத்தரை உங்க வீட்டுக்கு. ஊர்ல வீடு விக்கற அத்தனை பேரும் ஞாயித்துக்கிழமை காலைல ஒருத்தர் வீட்டை ஒருத்தர் சுத்திப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு எழுதி வெச்சுட்டு வர்றீங்க. வாங்கற எண்ணமில்லாம வந்தவர் குழாயைத் திறந்து பாப்பாரா? விலையைக் குறை சொல்வாரா? தன்னைத் தவிர மத்தவங்க எல்லாரும் நிஜமா வாங்க வந்தவங்கன்னு ஒவ்வொருத்தரும் நம்பிட்டிருக்கீங்க."

பல் செட்காரர் வாயைத் திறந்தார். மூடவில்லை. அந்த அறையில் வாய் திறந்திருப்பது பழக்கமான காட்சிதான்.

"விளம்பரக் கட்டணம்னு மாசாமாசம் குடுக்கறீங்களா?"

"குடுக்கறேன்."

"வீட்டை வித்தா அவருக்கு ஒரு தடவைதான் கமிஷன். விக்காம இருக்கறவரைக்கும் மாசாமாசம் வரும். உங்கள்ல ரெண்டு பேர் சந்திச்சுப் பேசிட்டா குட்டு உடைஞ்சுடும். அதான் நீங்க ஆசைப்பட்ட வீட்டை விக்கலைன்னு சொல்லிட்டார்." மேடம் எழுந்தார். "நோட்டைக் கொஞ்சம் எடுத்துக்கறேன். அஞ்சே முக்காலுக்கு அந்த வீட்டுக்கு வந்து குடையை வாங்கிக்குங்க."

"இப்பவே தரக் கூடாதா? மழை பெய்யுதே."

"இது சாட்சி," என்றேன் நான். "சாட்சி நனைஞ்சா போச்சு. நீங்க நனைஞ்சா காஞ்சுடுவீங்க."

ஐந்து நாற்பதுக்கு டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தோம். கோட்டுக்காரர் முன்னாலேயே வந்து சோபாவில் இருந்தார். வேண்டாம் என்று யாரும் எழுதிக் கொடுத்துவிடாமல் ஆறு மணிவரை காவல் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது.

"முப்பத்திரண்டாவது பார்ட்டி தயார் டீச்சர்," என்றார். "நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாங்க. கை நிறையப் பணம். நீங்க வழக்கம்போல வெளிய போயிடுங்க."

மேடம் பல் செட்காரரின் நோட்டை டீச்சர் மடியில் விரித்து வைத்தார்.

டீச்சர் தன் கையெழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மேடம் விஷயத்தை நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

"அப்ப நான்தான் அவங்க வீட்டுக்கு வாங்க வந்த ஆளா?" என்றார் டீச்சர். "முப்பத்தொரு பேரும் என்னை மாதிரியா?" நோட்டை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார். "நானும் எந்த வீட்டுலயும் குழாயைத் திறக்கல. பாவம்னுதான் நானும் நினைச்சுட்டு வந்தேன்."

கோட்டுக்காரர் அசரவில்லை. "டீச்சர், ஒரு வாரம் யாருமே வந்து பாக்கலைன்னா மனசு எவ்வளவு வேதனைப்படும். நான் உங்களுக்கு நம்பிக்கை குடுத்தேன். இந்தத் தொழில்ல அதுதான் பெரிய சேவை."

"ஞாயித்துக்கிழமை தோறும் விடியறதுக்கு முன்ன எழுந்து இந்தத் தரையைத் துடைச்சேன்," என்றார் டீச்சர். "இன்னிக்காவது யாராவது பிடிச்சிருக்குன்னு சொல்லிடணும்னு மேல இருக்கறவர் காதைத் தீட்டிட்டு உக்காந்திருந்தார். நீங்க என்னடான்னா எங்களையே எங்களுக்குக் காட்டிட்டு இருந்திருக்கீங்க."

அந்தச் சமயம் பார்த்து வாசலில் பிளாஸ்டிக் பையோடு ஓர் உருவம் வந்து நின்றது. "குடை..." என்றார் பல் செட்காரர்.

"இவர்தான் வெளிநாடு போனவர்," என்றேன் டீச்சரிடம். "ரெண்டு தெரு தள்ளி இருக்கற வெளிநாடு. நீங்க எட்டு மார்க் போட்ட வீடு இவரோடதுதான்."

டீச்சர் கோட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "அது வித்துப்போச்சுன்னீங்களே."

"இவங்க விக்கலைன்னு சொன்னீங்களே," என்றார் பல் செட்காரர்.

கோட்டுக்காரருக்கு முதல் தடவையாக வியர்த்தது. ஆனாலும் கோட்டைக் கழற்றவில்லை. "ரெண்டு பேரோட ஒப்பந்தமும் என்கிட்ட இருக்கு. நான் இல்லாம எதுவும் நடக்காது."

"பாக்கச் சொல்லி நீங்க எழுதிக் குடுத்த முகவரில இருக்கற அத்தனை பேருக்கும் நாளைக்குப் பத்து மணிக்கு இதே கூடத்துல கூட்டம் வெச்சிருக்கேன்," என்றார் மேடம். "எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கட்டும். இந்த ரெண்டு ஒப்பந்தத்தையும் இப்பவே ரத்துன்னு எழுதிக் குடுத்துட்டா, உங்களை மட்டும் கூட்டத்துக்குக் கூப்பிடாம விட்டுடறேன்."

அது கருணையா மிரட்டலா என்று அவர் யோசித்தார். எழுதிக் கொடுத்துவிட்டார். டீச்சரும் தன் பங்குக்குச் சிவப்பு மையில் 'வேண்டாம்' என்று எழுதி, 5.52 என்று நேரம் போட்டு, இரண்டு கோடு இழுத்தார். கோட்டுக்காரர் மழையில் இறங்கிப் போனார். குடை கொண்டுவந்திருக்கவில்லை.

"இனிமே ரெண்டு வீட்டுக்கும் பத்திரம், பதிவெல்லாம் பாக்க ஒரு ஆள் வேணுமே," என்றார் டீச்சர். "யாரை வெச்சுக்கறது?"

மேடம் இரண்டு மார்க் கார்டை முன்னால் தள்ளினார். "அஞ்சு மாசத்துல இந்த வீட்டை நிஜமா பாத்தவர் இவர் ஒருத்தர்தான்."

"போட்ட மார்க்கை மாத்தி எனக்குப் பழக்கமில்ல."

"மறுமதிப்பீடுன்னு வெச்சுக்குங்களேன்," என்றேன்.

டீச்சர் யோசித்து, இரண்டை அடித்து ஏழு போட்டார். பாக்கி மூன்று ஏன் இல்லை என்று கேட்டேன். வணக்கம் சொல்லவில்லையே என்றார்.

பல் செட்காரரைக் கூடத்தில் காணோம். குடை மட்டும் மூலையில் இருந்தது. எங்கே போனார் என்று நான் திரும்பும்போது மேலே சுவருக்குள் ஏதோ இடித்தது. டொக். டொக் டொக். மாடியறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

சமையலறையிலிருந்து பல் செட்காரரின் குரல் வந்தது. "என்னங்க இது, தண்ணி மஞ்சளா வருது. சுவர்ல ஈரம் வேற இருக்கு. நீங்க சொல்ற விலைக்கெல்லாம் முடியாது. நல்லாக் குறைச்சாத்தான் மேல பேச முடியும்."

ஐந்து மாதமாகப் பாராட்டை மட்டுமே படித்துக்கொண்டிருந்த டீச்சர் அதைக் கேட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். சிரிப்பும் கூடவே வந்தது. மேடம் கைக்குட்டையை எடுத்து, அதில் பல் இல்லை என்று பார்த்துவிட்டு நீட்டினார்.

"டீச்சர்," என்று மேலேயிருந்து கணவர் கூப்பிட்டார். "குழாய் சத்தம் கேட்டுது. இது நிஜமாவே வாங்கற ஆள்தான்."

"ஆமாங்க," என்றார் டீச்சர்.

மேலே மறுபடி நாற்காலி நகர்ந்தது.

"என் செருப்பை எங்க வெச்சே?"